அர்ஜெண்டினா சோளத்தில் ஒரு குட்டிப் பூச்சி: பண்டமாரான் கோழிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பண்டமாரான்காரர்களுக்கு லாரிச் சத்தம் புதுசு இல்லை. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் கொள்கலன் லாரிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் கிள்ளான் துறைமுகத்துக்கு வருவதெல்லாம் கொள்கலனில் வருவதில்லை. கப்பலின் வயிற்றில் மலை மாதிரிக் கொட்டி, கடல் கடந்து வந்து இறங்கும் ஒரு சரக்கு இருக்கிறது. அது மஞ்சள் சோளம். இரவுச் சந்தையில் கப்பில் போட்டு வெண்ணெய் கலந்து தருகிறார்களே, அந்த இனிப்புச் சோளம் அல்ல. கல் மாதிரி காய்ந்த தீவனச் சோளம். இதை நாம் சாப்பிடுவதில்லை, நாம் சாப்பிடும் கோழி சாப்பிடுகிறது.

(தமிழ்நாட்டு இணையப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 'சோளம்' என்றால் வேறு ஒரு தானியம். நாம் இங்கே சோளம் என்பதை அவர்கள் மக்காச்சோளம் என்பார்கள்.)

மலேசியா ஆண்டுக்கு ஏறக்குறைய 4 மில்லியன் டன் தீவனச் சோளம் வாங்குகிறது. உள்ளூர் விளைச்சல் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. வாங்குவதில் பெரும்பகுதி அர்ஜெண்டினாவிலும் பிரேசிலிலும் இருந்து வருகிறது. அதனால்தான் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அர்ஜெண்டினா வயல்களில் நடந்ததை இங்கே இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு அர்ஜெண்டினா விவசாயிகள் அமோக விளைச்சலை எதிர்பார்த்திருந்தார்கள். முந்தைய ஆண்டின் கடும் வறட்சிக்குப் பிறகு நல்ல மழை பெய்திருந்தது. புவெனஸ் ஐரிஸ் தானியச் சந்தை 56.5 மில்லியன் டன் கிடைக்கும் என்று கணித்திருந்தது. பிறகு அந்தக் கணிப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, மே மாதத்தில் 46.5 மில்லியன் டன்னில் நிறுத்தியது. காணாமல் போன 10 மில்லியன் டன் என்பது மலேசியா இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாங்கும் சோளம். முக்கியக் காரணம் வறட்சியோ வெள்ளமோ இல்லை. அரிசி மணியைவிடச் சின்னதாக, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சி.

கொசு மாதிரி ஒரு பூச்சி

அறிவியல் பெயர் டால்புலஸ் மைடிஸ். அர்ஜெண்டினாவில் 'சிச்சாரித்தா' என்கிறார்கள். தமிழில் சோளத் தத்துப்பூச்சி என்று வைத்துக்கொள்ளலாம். வைக்கோல் நிறம். தலையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் கண் மாதிரித் தெரியும், ஆனால் கண் இல்லை. சோளச் செடியின் குருத்துக்குள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கையை நீட்டினால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து ஒளியும், இல்லை என்றால் தத்திப் பறந்துவிடும்.

கம்பளிப்பூச்சி இலையைக் கடித்துத் தின்னும். இது அப்படி இல்லை. ஊசி மாதிரி வாயைச் செடிக்குள் செலுத்தி, இலையில் தயாராகும் சர்க்கரைச் சாறு ஓடும் குழாயிலிருந்து உறிஞ்சும். பள்ளியில் 'ஃபுளோயம்' என்று படித்திருப்பீர்களே, அந்தக் குழாய்தான்.

சாறு போவதால் செடி கொஞ்சம் வாடும். அதோடு நின்றிருந்தால் இவ்வளவு பேச்சே இருந்திருக்காது. பிரச்சினை அந்த ஊசி எதைக் கொண்டுவந்து விடுகிறது என்பதில்தான் இருக்கிறது. சிலாங்கூரில் வாழ்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஏடிஸ் கொசு குடிக்கும் ரத்தத்துக்காக யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. அது விட்டுச் செல்லும் டிங்கிக்குத்தான் பயம். இந்தத் தத்துப்பூச்சி சோளத்தின் ஏடிஸ்.

அது பரப்பும் கிருமிகளில் முக்கியமானது 'ஸ்பைரோபிளாஸ்மா'. செல் சுவர் இல்லாத ஒரு வகை பாக்டீரியா. தக்கை திறக்கும் திருகு மாதிரி சுருண்டிருக்கும். இதன் கதையும் சுவாரசியமானது. சோளச் செடி குட்டையாகிப் போகும் நோயை அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1945-லேயே பதிவு செய்துவிட்டார்கள். பல ஆண்டுகளாக அதை ஒரு வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில்தான், அமெரிக்க விவசாயத் துறையின் ராபர்ட் டேவிஸும் அவருடைய சகாக்களும் நோயுற்ற சோளத்தின் சாற்றில் இந்தச் சுருள் உயிரிகள் நெளிவதைக் கண்டார்கள். 'ஸ்பைரோபிளாஸ்மா' என்ற பெயரே அப்போது உருவானதுதான். இது போதாது என்று, ஃபைட்டோபிளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவையும் சில வைரஸ்களையும் இதே பூச்சி சுமக்கிறது. ஒரே செடியில் இரண்டு மூன்று கிருமிகள் சேர்ந்தே இருக்கலாம்.

விவசாயியின் கையைக் கட்டிப்போடுவது இதன் கால அட்டவணை. நோயுள்ள செடியில் சாறு குடித்த பூச்சி உடனே நோயைப் பரப்பாது. கிருமி அதன் உடலுக்குள் பெருகி, எச்சில் சுரப்பியை அடைய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகு சாகும்வரை அது போகும் இடமெல்லாம் நோய்தான். செடியிலும் அப்படித்தான். இளம் பயிரைப் பூச்சி குத்தும்போது வெளியே எதுவும் தெரியாது. வாரங்கள் கழித்து, பூக்கும் நேரத்தில்தான் இலை ஓரம் சிவக்கும், செடி குட்டையாகும், ஒரே தண்டில் நிறைய சின்னச் சின்னக் கதிர்கள் வரும், கதிரில் மணி நிரம்பாது. விவசாயி பார்க்கும்போது பூச்சி அடுத்த வயலுக்குப் போயிருக்கும். நோய் வந்த செடியைக் குணமாக்க மருந்து கிடையாது.

மருந்து தெளித்தால் போதாதா?

புகையடிப்பு வண்டி வந்துபோன மறுவாரமே வீட்டில் கொசு கடித்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். அதே கதைதான். தெளித்த அன்று இருந்த பூச்சிகள் சாகும். பக்கத்து வயலிலிருந்தும், காற்றோடு பல கிலோமீட்டர் தாண்டியும் புதியவை வந்து இறங்கும். முட்டைகளோ இலையின் நடு நரம்புக்குள் புதைந்திருக்கும், மருந்து எளிதில் எட்டாது. முட்டை பொரித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும்.

மரபணு மாற்றிய சோளம் இருக்கிறதே என்று கேட்கலாம். அர்ஜெண்டினாவிலும் பிரேசிலிலும் விளைவதில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட ரகங்கள்தான். ஆனால் அவற்றில் உள்ள பூச்சி எதிர்ப்பு இலையைக் கடித்துத் தின்னும் புழுக்களுக்காகச் செய்யப்பட்டது. சாறு உறிஞ்சும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது.

ஏன் 2024-இல்?

இந்தப் பூச்சி ஒன்றும் புதியது இல்லை. மெக்சிகோவில் சோளம் முதன்முதலாகப் பயிரான காலத்திலிருந்தே அதோடு சேர்ந்து வாழ்ந்து வந்தது. அர்ஜெண்டினாவின் வெப்பமான வடபகுதிகளிலும் பல காலமாக இருந்தது. 2024-இல் நடந்தது என்னவென்றால், பெரும் விளைச்சல் தரும் மத்திய மாநிலங்களுக்கு, முக்கியமாக கோர்டோபாவுக்கும் சாந்தா ஃபேவுக்கும், அது பெரும்படையாக இறங்கியது. அங்கே போட்டிருந்த பல ரகங்கள் இந்த நோயைப் பார்த்தே பழகாதவை.

எப்படி வந்தது? இதற்குப் பதில் பூச்சியின் ஒரு பலவீனத்தில் இருக்கிறது. சாப்பாட்டு விஷயத்தில் இது படு பிடிவாதக்காரப் பூச்சி. சோளத்திலும் அதன் நெருங்கிய காட்டு உறவுகளிலும் மட்டுமே இனம் பெருக்கும். மற்ற புற்களில் ஒண்டிக்கொண்டு சில வாரம் தாக்குப்பிடிக்கும், குடும்பம் நடத்தாது. அதாவது ஒரு வட்டாரத்தில் இரண்டு மூன்று மாதம் சோளச் செடியே இல்லை என்றால் பூச்சியின் எண்ணிக்கை சரிந்துவிடும். முன்பு குளிர்காலம் அந்த இடைவெளியைக் கொடுத்தது. உறைபனியில் மிச்சம் மீதிச் செடிகள் கருகிவிடும்.

அந்த இடைவெளியை மனிதர்களே மூடிவிட்டார்கள். ஜனவரி வெயிலில் பயிர் காயாமல் இருக்க, அர்ஜெண்டினா விவசாயிகளில் பலர் செப்டம்பரில் விதைப்பதை விட்டுவிட்டு டிசம்பரில் விதைக்கத் தொடங்கினார்கள். அவரவர் அளவில் புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் முன்பருவச் சோளம் முற்றும் நேரத்தில் பின்பருவச் சோளம் பக்கத்திலேயே குருத்து விட்டு நிற்கிறது. பூச்சிக்கு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவது போல. அறுவடையில் சிந்திய மணிகள் தாமாகவே முளைத்து நிற்கும் செடிகள் வேறு. களைக்கொல்லியைத் தாங்கும் ரகம் என்பதால் வழக்கமான களைக்கொல்லிக்கு அவை சாவதில்லை. 2023-இன் குளிர்காலம் மிதமாக இருந்துவிட்டது, பனியும் காப்பாற்றவில்லை. பிரேசிலில் சோயாவை அறுத்த கையோடு அதே நிலத்தில் இரண்டாம் போகமாகச் சோளம் போடுகிறார்கள். அங்கே இந்தத் தொல்லை இன்னும் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 2024-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலும், வடக்கே நியூயார்க் மாநிலம் வரையிலும் இந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், 'பூச்சிப் படையெடுப்பு' என்று தலைப்பு போடுவது பாதி உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டு முழுவதும் பச்சைப் பாய் விரித்து வைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, கோழி விலை ஏறியதா?

நேர்மையாகச் சொன்னால், இந்தப் பூச்சியால் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கோழியை வளர்க்கும் செலவில் ஏறக்குறைய 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் சோளம். மலேசியர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 50 கிலோ கோழி சாப்பிடுகிறார். ஆக, உலகச் சந்தையில் சோளம் தும்மினால் இங்கே நாசி லெமாக் கடையில் சளி பிடிக்கும். 2022-இல் அதுதான் நடந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் சோள விலை எகிறியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அரசாங்கம் கோழிக்கு கிலோ 8 ரிங்கிட் 90 சென் என்று உச்ச விலை வைத்தது, ஜூன் 1-ஆம் தேதி ஏற்றுமதியைத் தடை செய்தது, ஜூலையில் உச்ச விலையை 9 ரிங்கிட் 40 சென்னாக உயர்த்தியது. சிங்கப்பூரில் கோழிச் சோற்றுக் கடைக்காரர்கள் தவித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கோழிக்கான உதவித்தொகையும் உச்ச விலையும் 2023 நவம்பர் 1-ஆம் தேதிதான் முடிவுக்கு வந்தன.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே விலைக் கவசத்தைக் கழற்றி ஐந்து மாதம் ஆவதற்குள் அங்கே தத்துப்பூச்சி சோளத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நாம் தப்பித்தோம். காரணம், அமெரிக்கா 2023-இல் அதுவரை காணாத அளவுக்குச் சோளம் அறுத்திருந்தது. உலகக் கிடங்குகள் நிரம்பி இருந்ததால் 2024 ஆகஸ்டில் சோள விலை 2020-க்குப் பிறகு இல்லாத அளவுக்குக் கீழே இறங்கியது. ஒரு நாட்டின் இழப்பை இன்னொரு நாட்டின் மிச்சம் மூடிவிட்டது. அமெரிக்காவில் வறட்சியும் அர்ஜெண்டினாவில் பூச்சியும் ஒரே ஆண்டில் வந்திருந்தால் கதையே வேறு. இதை முன்னேற்பாடு என்று சொல்ல முடியாது. அதிர்ஷ்டம்தான்.

அந்தப் பூச்சி இங்கே வருமா?

துறைமுகம் பக்கத்தில் வீடு இருப்பதால் இந்தக் கேள்வி வருவது இயல்பு. முதலில் நிம்மதியான செய்தி. காய்ந்த சோள மணியில் இந்தப் பூச்சி வாழ முடியாது. அதற்குப் பச்சை இலை வேண்டும். வாரக்கணக்கில் கடல் கடந்து வரும் கப்பலில் அது கிடையாது. செடிக்கு வரும் இந்த நோய் கோழிக்கும் தொற்றாது, மனிதனுக்கும் தொற்றாது. பயப்பட வேண்டிய வழி வேறு. யாரோ ஒருவர் ஆசையாகப் பையில் வைத்துக் கொண்டுவரும் பச்சைச் செடி, முட்டை புதைந்த ஒரு குருத்து.

இதில் நம் குடும்பங்களுக்கு நன்றாகவே தெரிந்த ஒரு முன்கதை இருக்கிறது. ரப்பர். தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிய கதை இல்லாத வீடு கிள்ளானில் குறைவு. அந்த மரமும் சோளம் மாதிரியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. விதை வந்தது, ஆனால் அங்கே அந்த மரத்தை அழிக்கும் தென்னமெரிக்க இலைக் கருகல் நோய் கூட வரவில்லை. அதே பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928-இல் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா தோட்டத்தின் தோல்விக்கு அந்த நோய் ஒரு முக்கியக் காரணம். 1945-இல் நிலத்தை பிரேசில் அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இங்கே மட்டும் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. தோட்டப்புறங்களில் தமிழர்கள் உழைத்தார்கள், நோய் எட்டிப் பார்க்கவில்லை. இன்றும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து செடி கொடி கொண்டுவர மலேசியா கடுமையான கட்டுப்பாடு வைத்திருப்பதற்கு அந்த நோய்தான் பெரிய காரணம். 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் இவை வருகின்றன. ரப்பருக்காகப் போட்ட அந்த வேலி சோளத்துக்கும் காவல் நிற்கிறது.

வேலி எப்போதும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது, 2018-இல் இந்தியா, 2019-இல் மலேசியா. அது அந்துப்பூச்சி இனம், இரவோடு இரவாக நெடுந்தூரம் பறக்கும். மூன்றே ஆண்டில் பாதி உலகத்தைச் சுற்றிவிட்டது. தமிழ்நாட்டு மக்காச்சோள விவசாயிகளைக் கேட்டால் அதன் பெயரைச் சொன்னதுமே பெருமூச்சு விடுவார்கள்.

தத்துப்பூச்சி வந்தால் நமக்கு ஒரு கூடுதல் சங்கடம். அர்ஜெண்டினாவுக்கு உறைபனியாவது உண்டு. இங்கே பன்னிரண்டு மாதமும் சோளம் பச்சையாக நிற்க முடியும்.

செகிஞ்சான் சொல்லித் தரும் பாடம்

சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியை சிலாங்கூர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது, நெல்லில். செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களைப் படம் பிடிக்கப் போயிருப்பீர்கள். 1970-களின் பிற்பகுதியில் தஞ்சோங் காராங் வட்டாரத்தில் 'பெனா பேராங்' என்ற பழுப்புத் தத்துப்பூச்சி பெரிய அளவில் தாக்கியது. தமிழ்நாட்டில் இதையே புகையான் என்கிறார்கள். தீய்ந்த மாதிரி வட்ட வட்டமாக வயல் காய்வதைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். 1980-களின் தொடக்கத்தில் கெடாவின் மூடா வட்டாரத்தில் பச்சைத் தத்துப்பூச்சி பரப்பிய துங்ரோ வைரஸ் வந்தது.

மருந்தை அள்ளித் தெளித்த இடங்களில் நிலைமை இன்னும் மோசமானது. பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் மற்ற நன்மைப் பூச்சிகளும் முதலில் செத்தன, தத்துப்பூச்சி திரும்பி வந்தது. இந்தோனேசியா இதைப் புரிந்துகொண்டு 1986-இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. மலேசிய நெல் வட்டாரங்களில் கைகொடுத்தது காலண்டர். பாசனத் தண்ணீரை ஒரே சமயத்தில் திறந்து, எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டு, அறுத்து, நடுவில் வயலைச் சும்மா விடுவது. பூச்சிக்குச் சாப்பாடு இல்லாத ஒரு மாதத்தை உருவாக்குவது.

அர்ஜெண்டினாவும் இப்போது அதே திசையில்தான் போகிறது. 2024-க்குப் பிறகு அங்கே பல ஆய்வு நிலையங்களும் விவசாயி அமைப்புகளும் சேர்ந்து, நாடு முழுவதும் மஞ்சள் நிறப் பசை அட்டைகளை வயல்களில் தொங்கவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எத்தனை பூச்சி ஒட்டியிருக்கிறது என்று எண்ணி வெளியிடத் தொடங்கின. தானாக முளைத்த சோளத்தைக் கட்டாயம் அழிக்கச் சொன்னார்கள். பலர் சோளத்தைக் குறைத்து சோயாவுக்கு மாறினார்கள். 2024 குளிர்காலத்தில் உறைபனியும் நன்றாக விழுந்தது. அடுத்த பருவத்தில் அட்டைகளில் பூச்சி வெகுவாகக் குறைந்திருந்தது, பெரிய சேதம் இல்லை. எவ்வளவு மனித முயற்சி, எவ்வளவு பனியின் உதவி என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நமக்குப் பனியின் உதவி கிடையாது என்பது மட்டும் தெளிவு.

தீவனச் சோளத்தை இங்கேயே விளைவிக்க வேண்டும் என்ற பேச்சு மலேசியாவில் அடிக்கடி எழுகிறது. 2022-க்குப் பிறகு அது வலுத்திருக்கிறது, நியாயமான ஆசையும்கூட. ஆனால் திட்டத்தில் 'ஆண்டுக்கு இரண்டு போகம், மூன்று போகம்' என்று வரும்போது கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்: நடுவில் சோளமே இல்லாத மாதம் எது? தத்துப்பூச்சி வராமலேகூடப் போகலாம். படைப்புழு வந்துவிட்டது, அதற்கும் இடைவெளி இல்லாத சோளம் விருந்துதான். நெல்லுக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு போகம் சோளம் என்று வைத்தால் அந்த இடைவெளி தானாகவே கிடைக்கும். தனிச் சோளத் தோட்டம் என்றால் யாராவது உட்கார்ந்து அட்டவணை போட்டு, பக்கத்து பக்கத்து விவசாயிகளை அதற்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். நிலம் சும்மா கிடக்கும் அந்த மாதத்தில் சிறு விவசாயி எதை வைத்துக் குடும்பம் நடத்துவார் என்பதையும் அந்த அட்டவணையிலேயே எழுதியாக வேண்டும்.